கைரேகை வைத்து மூளையைப் படித்ததாகச் சொல்லி வாங்கிய 18,500 ரூபாயைத் திரும்பக் கேட்டு ஒரு புகார்

அனுப்புநர்:
பயிற்சியில் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாயார்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.
(பெயரும் பதிவு எண்ணும் இணைத்துள்ள ரசீது நகலில் உள்ளன.)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
மாணவர் மூளைத்திறன் பயிற்சி நிறுவனம், சென்னை.

நாள்: 14.10.2024

பொருள்: கைரேகைப் பரிசோதனை மற்றும் பன்னிரண்டு வாரப் பயிற்சிக்குச் செலுத்திய கட்டணத்தைத் திரும்பப் பெறுதலும், என் மகளைக் குறித்த அறிக்கையை எழுத்துமூலம் விலக்கிக்கொள்ளக் கோருதலும்.

ஐயா,

கடந்த 28.04.2024 ஞாயிற்றுக்கிழமை இராமநாதபுரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தாங்கள் நடத்திய இலவச அறிமுக முகாமுக்கு நானும் என் கணவரும் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தோம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. விசைப்படகில் கூலிக்குச் செல்லும் என் கணவர் வீட்டில் இருந்ததால்தான் மூவரும் வர முடிந்தது. அதே காரணத்தால் வீட்டில் பணமும் இல்லை. கைரேகைப் பரிசோதனைக்கு 3,500 ரூபாயும் பயிற்சிக்கு 15,000 ரூபாயும் கட்டுவதற்கு என் தோட்டை அடகு வைத்தேன். என் பிள்ளையின் மூளை எப்படிப்பட்டது என்று அறிவியல் முறைப்படி சொல்லிவிடுவார்கள் என்று நம்பித்தான் அதைச் செய்தேன். ஜூன் 9 முதல் ஆகஸ்ட் 25 வரை பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் என் மகள் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை என்பதைத் தங்கள் வருகைப் பதிவேடே காட்டும்.

நான் கல்வியியல் பட்டம் பெற்றவள்; இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக மாலை வகுப்பு எடுத்தவள். அப்படியிருந்தும் ஏமாந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. தங்கள் துண்டறிக்கையில் 'நோபல் பரிசு பெற்ற ஆய்வின் அடிப்படையில்' என்ற வரியைப் பார்த்ததும் கேள்வி கேட்கத் தோன்றாமல் போயிற்று. பிறகு கேட்டுக்கொண்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கைரேகை. விரல் தோலும் மூளையும் கருவில் ஒரே அடுக்கிலிருந்து உருவாவதால் ரேகையைப் பார்த்தே மூளையின் அமைப்பைச் சொல்லிவிடலாம் என்று முகாமில் விளக்கினார்கள். ஒரே அடுக்கிலிருந்து உருவாவது உண்மைதான். நகமும் பல்லின் எனாமலும்கூட அந்த அடுக்கிலிருந்துதான் வருகின்றன. அதற்காகப் பல்லைப் பார்த்து ஒரு பிள்ளைக்குக் கணக்கு வருமா, கவிதை வருமா என்று யாரும் சொல்வதில்லை. ரேகை கருவில் ஏறத்தாழ பத்தாவது வாரத்தில் உருவாகத் தொடங்கிப் பிறப்பதற்கு முன்பே நிலைத்துவிடுகிறது. மூளையோ ஒவ்வொரு முறை ஒன்றைக் கற்கும்போதும் தன் நரம்பு இணைப்புகளை மாற்றிக்கொண்டே இருக்கிறது. மாறாத ஒன்றை வைத்து, மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை எப்படி அளந்தீர்கள்? என் மாமியார் சின்னப்பாலத்தில் நாற்பது ஆண்டுகளாகக் கடல்பாசி எடுப்பவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலடிப் பாறையில் பாசி பறித்துப் பறித்து ரேகை தேய்ந்துபோனதால் ரேஷன் கடை இயந்திரம் அவர் விரலை ஏற்பதில்லை. தங்கள் கணக்குப்படி அவருக்கு மூளையே இல்லை என்றுதான் அறிக்கை வந்திருக்க வேண்டும்.

வண்ணத்தில் அச்சிட்ட 32 பக்க அறிக்கையில் என் மகளுக்கு வலது மூளை 63 சதவீதம், இடது மூளை 37 சதவீதம் என்று போட்டிருக்கிறீர்கள். பத்தொன்பதாம் பக்கத்தில் அவள் இரண்டு இடங்களில் ஆண்பிள்ளையாகியிருக்கிறாள். யாருக்கோ எழுதியதைப் பெயரை மட்டும் மாற்றி எங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. தாங்கள் குறிப்பிடும் நோபல் பரிசு 1981இல் ரோஜர் ஸ்பெர்ரிக்குக் கிடைத்தது. கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் அறுவை சிகிச்சையில் துண்டிக்கப்பட்ட நோயாளிகளை அவர் ஆராய்ந்தார். அந்தப் பாலம் முழுதாக இருக்கும் ஒரு பள்ளிச் சிறுமிக்கு அதிலிருந்து சதவீதம் பிரிக்க முடியாது. 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்தபோது, ஒருவர் 'வலது மூளைக்காரர்', மற்றவர் 'இடது மூளைக்காரர்' என்று சொல்வதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மனிதர் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற தங்கள் வாசகத்தைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது, தொண்ணூறு சதவீதம் சும்மா கிடக்கும் உறுப்பு அப்படித் தின்னாது.

இவையெல்லாம் வெறும் தவறான தகவல்களாக நின்றிருந்தால், போனது பணம் என்று விட்டிருப்பேன். என் புகாரின் மையம் வேறு. அந்த அறிக்கை என் மகளைக் 'கேட்டுக் கற்பவர்' என்று வகைப்படுத்தி, அவள் எழுதிப் படிப்பதைக் குறைத்துப் பாடத்தைக் கைபேசியில் பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவளும் அப்படியே செய்தாள். பாய்மங்கள் (திரவங்களும் வாயுக்களும்) பாடத்தைத் தன் குரலிலேயே பதிவு செய்து, காதில் மாட்டிக்கொண்டு கரையில் நடந்தபடி ஆறு முறை கேட்டதாகச் சொன்னாள். காலாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள், தண்ணீரில் போட்டால் இரும்பு ஆணி மூழ்குகிறதே, இரும்பில் கட்டிய படகு ஏன் மிதக்கிறது என்று கேட்டேன். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை ஒரு சொல் பிசகாமல், பதிவில் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு ஒப்பித்தாள். படகு ஏன் மிதக்கிறது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. வாசலில் நின்றால் படகு தெரியும் வீடு எங்கள் வீடு.

எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் அறிவியலில் 74 வாங்கியவள் காலாண்டில் 51 வாங்கினாள். ஒன்பதாம் வகுப்புப் பாடம் கனமானது. முழுப் பழியையும் தங்கள்மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதற்குத் தாங்கள்தான் பொறுப்பு. "நான் வலது மூளைம்மா, எனக்குக் கணக்கும் சயின்ஸும் வராதுன்னு ரிப்போர்ட்டுலயே இருக்கு" என்றாள். பதினான்கு வயதுப் பெண்ணின் வாயில் அந்த வாக்கியத்தை வைப்பதற்கு நான் 18,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

கேட்டுக் கற்பவர், பார்த்துக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் அதிகம் கற்பார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008இலேயே ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எழுதிவிட்டார்கள். ஆதாரம் உள்ள வழி வேறு இருக்கிறது, அது தங்கள் பரிந்துரைக்கு நேர் எதிரானது. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு குழுவைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். இன்னொரு குழுவை ஒரு கட்டம் மட்டும் படிக்கவிட்டு, மற்ற மூன்று கட்டங்களில் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். முதல் குழு சராசரியாகப் பதினான்கு முறை படித்தது. இரண்டாம் குழு மூன்று முறைக்குச் சற்று மேல். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுதான் முந்தியது. ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்த குழுவுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்துக்கொண்டே இருந்த குழுவுக்கு 40 சதவீதம். தமக்கு அதிகம் நினைவிருக்கும் என்று உறுதியாக நம்பியது படித்த குழுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிந்த கையோடு பிள்ளைகளிடம் 'இன்று எவ்வளவு புரிந்தது' என்று நட்சத்திரக் குறி போடச் சொல்லித் தாங்கள் வாங்கிய படிவங்களில் ஐந்து நட்சத்திரம் நிறைந்திருந்ததற்கு இதுதான் காரணம். அடுத்த ஞாயிறு வந்ததும் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் தங்கள் விளம்பரத்துக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

என் மாமியார் எழுத்தறியாதவர். விடுமுறை நாளில் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, உலர்த்தப் போட்ட பாசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, "இது என்ன, சொல்லு பாப்போம்" என்பார். மரிக்கொழுந்தா, கஞ்சிப்பாசியா, கட்டக்கோரையா என்று அவள் விழிக்கும்போது உடனே சொல்லித்தர மாட்டார். பேத்தி நெற்றியைச் சுருக்கித் தேடி எடுக்கும் வரை வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார். மூன்று நாள் கழித்து மறுபடி கேட்பார், அன்றைக்கு இரண்டு வகையைக் கலந்து நீட்டுவார். நினைவிலிருந்து எடுக்க வைப்பது, இடைவெளி விட்டுக் கேட்பது, வகைகளைக் கலந்து தருவது ஆகிய மூன்றும் ஆய்வகங்களில் சோதித்து நிலைநாட்டப்பட்ட கற்றல் முறைகள். ஒரே ஓவியரின் படங்களை அடுத்தடுத்துக் காட்டுவதைவிடப் பல ஓவியரின் படங்களைக் கலந்து காட்டினால் எது யாருடையது என்று நன்றாக அடையாளம் காண முடிகிறது என்று 2008இல் நேட் கார்னெல், ராபர்ட் பிஜோர்க் இருவரும் காட்டியதும், அப்பத்தா பாசியைக் கலந்து நீட்டுவதும் ஒரே வேலைதான்.

இடைவெளி ஏன் வேண்டும் என்பதற்கான உயிரியல் காரணமும் கடலிலிருந்தே வந்திருக்கிறது. எரிக் காண்டல், நத்தை இனத்தைச் சேர்ந்த கடல் முயலை வைத்துச் செய்த ஆய்வுகளுக்காக 2000இல் நோபல் பரிசு பெற்றார். எளிய நரம்பமைப்பு கொண்ட அந்த உயிருக்கு ஒன்றைப் பயிற்றுவிக்கும்போது நரம்பு அணுக்களுக்கு இடையிலான இணைப்பு வலுப்படுகிறது. பயிற்சி இடைவெளி விட்டுத் திரும்ப நடந்தால் புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகளே முளைத்து, நினைவு நாட்கணக்கில் தங்குகிறது. ஒரே மூச்சில் திணித்தால் அந்த அளவுக்குத் தங்குவதில்லை. மூளை அறிவியலின் பெயரால் பன்னிரண்டு வாரம் நடத்திய பயிற்சியில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கண்ணை மூடி இசை கேட்பதற்கு மட்டும் ஒவ்வொரு வகுப்பிலும் நாற்பது நிமிடம் இருந்தது.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூளையில் 'ஆல்பா அலை' என்ற மின்னலை அந்நேரத்தில் அதிகம் என்று காரணம் கூறி அதிகாலை நான்கு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பச் சொன்னீர்கள். பதின்வயதில் உடலின் உறக்க நேரமே இரவில் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பத்தரைக்குப் படுத்த பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்பி மூன்று மாதம் வாசலில் உட்கார வைத்தவள் நான்தான். அதற்காக நான் வருந்துகிறேன்; தாங்களும் வருந்துவதே முறை.

செப்டம்பர் கடைசியில் தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு மூன்று முறை பேசினேன். முதல் இரண்டு முறையும் திரும்ப அழைப்பதாகச் சொல்லி அழைக்கவில்லை. மூன்றாம் முறை, பெற்றோர் நம்பிக்கையோடு இருந்தால்தான் பலன் தெரியும் என்றும், இரண்டாம் நிலைப் பயிற்சியில் சேர்ந்தால் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு என்றும் பதில் வந்தது. நம்பினால்தான் வேலை செய்யும் என்பதற்கு அறிவியல் என்று பெயர் வைக்க முடியாது. வகுப்பெடுத்த பயிற்றுநர் பிள்ளைகளிடம் அன்பாகவே நடந்துகொண்டார். அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை, இந்தக் கடிதத்தை முன்னிட்டு அவரை வேலையிலிருந்து நீக்கினால் அது இன்னொரு அநியாயம்.

ஆகவே நான் கோருவது இவை. செலுத்திய 18,500 ரூபாயையும் முழுமையாக என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கைரேகை அறிக்கையில் உள்ள வலது மூளை, கேட்டுக் கற்பவர் ஆகிய முடிவுகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று நிறுவனத்தின் முத்திரையுடன் ஒரு கடிதம், தமிழில், என் மகளின் பெயருக்கு வர வேண்டும். பணத்தைவிட இதையே முக்கியமாகக் கருதுகிறேன். அவளுடைய பத்து விரல் ரேகைப் பதிவுகளையும் தங்கள் கணினியிலிருந்து அழித்து, அழித்ததை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி தவறான விளம்பரம், முறையற்ற வணிக நடவடிக்கை ஆகியவற்றின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால் அதற்கு நான் சென்னைக்கு வர வேண்டியதில்லை. தாங்கள்தான் இராமநாதபுரத்துக்கு வர வேண்டியிருக்கும். கட்டண ரசீது, துண்டறிக்கை, அறிக்கையின் 4, 11, 19ஆம் பக்கங்கள், இரண்டு தேர்வுகளின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். அசல் அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். தங்கள் கடிதம் வந்த பிறகே அதை என் மகளின் கையில் கொடுப்பேன், கிழித்துப் போடுவதற்கு.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாம்பன்.