மைனஸ் டிராக்கை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இன்றைய பாப் நட்சத்திரங்கள் உண்மையிலேயே புதுமை செய்கிறார்களா, அவர்கள் பாட்டு நாளைக்கு நிற்குமா என்று கேட்பவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பாப் இசையின் புதுமை பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது. ஒலியைத் தந்த கருவியை அடுத்த வருடமே எல்லோரும் வாங்கிவிடுவார்கள். நிற்பது மெட்டு. இரண்டும் ஒரே பாட்டில் சேர்ந்து அமைவது அபூர்வம்.

ஆட்டோட்யூனை எடுத்துக்கொள்வோம். பூமிக்குள் எண்ணெய் இருக்கும் இடத்தை அதிர்வலைகளை வைத்துக் கணக்கிடும் வேலையில் இருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் 1997இல் கொண்டுவந்த மென்பொருள் அது. சுருதி விலகிய குரலை யாருக்கும் தெரியாமல் சரிசெய்வதற்காக வந்தது. 1998இல் அமெரிக்கப் பாடகி செர் பாடிய 'பிலீவ்' பாட்டில் அதை ஊருக்கே தெரியும்படி முறுக்கிவிட்டார்கள். முறுக்கியவர்கள் லண்டன் ஒலிக்கூடத்துத் தயாரிப்பாளர்கள். தொழில் ரகசியம் போய்விடக் கூடாதென்று, வேறு ஏதோ கருவியில் செய்ததாகக் கதையும் சொல்லிவைத்தார்கள். ஆனால் அதை எடுத்துவிடக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் பாடகிதான். அந்தத் துணிச்சலைப் புதுமைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது நகல். அந்த மென்பொருளில் 'ரீட்யூன் ஸ்பீட்' என்று ஒரு குமிழ் உண்டு. அதை 0 மில்லி விநாடியில் வைத்தால் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்காமல் தாவும். 20 முதல் 50 வரை வைத்தால் திருத்தியதே அவ்வளவாகத் தெரியாது. நம் பாட்டுக்கு வரும்போதுதான் சிக்கல். தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது 'க' சுரம், ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்தையும் மத்தியமத்தையும் தொட்டு அசைந்துகொண்டே இருக்கும். 0இல் ஓட்டினால் அந்த அசைவு படிக்கட்டாக வெட்டுப்படும். தெரியாத்தனமாக மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் சுர வரிசையில் வைத்துவிட்டாலோ காந்தாரமே வேறாகிவிடும். தம்புராவோ தபேலாவோ பாடகரின் மைக்கில் கசிந்திருந்தால், எதைப் பின்தொடர்வது என்று புரியாமல் மென்பொருள் குரலைக் கண்டபடி இழுக்கும். கமகம் என்கிற அந்தச் சுர அசைவு வருகிற இடத்தில் திருத்தத்தை அணைத்துவிட்டு, நீட்டி நிறுத்தும் சுரங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பொறுமையும் காதும் வேண்டும். அவசரத்தில் முழுப் பாட்டையும் ஒரே அமைப்பில் ஓட்டிவிடுவதால்தான் பத்துப் பாடகர்கள் ஒரே ஆளாகக் கேட்கிறார்கள்.

இதே குற்றச்சாட்டை ஆர்மோனியப் பெட்டியும் வாங்கிக் கட்டிக்கொண்டது. அதன் கட்டைகளில் கமகம் வராது என்பதையும் ஒரு காரணமாக்கி அகில இந்திய வானொலி 1940இல் தடை போட்டது. 1971 வரை அது நீடித்தது. ஆனால் நம் நாடக மேடை நடந்தது அதே பெட்டியை நம்பித்தான். அந்த மேடையை வளர்த்த சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இதோ புதுவை கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. பெட்டி சுருதியைப் பிடித்துக்கொடுத்தது, அசைவுகளைத் தொண்டை பார்த்துக்கொண்டது. இன்று தொண்டையின் வேலையையும் பெட்டியிடம் கொடுத்துவிட்டோம்.

மைக் மட்டும் என்ன? அது வராத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதியில் பாடினார்கள். மைக் வந்ததும் கட்டை இறங்கியது, மென்குரலுக்கும் இடம் கிடைத்தது. அந்தப் பாதையின் அடுத்த வளைவில் நிற்பவர் அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ். 2019இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் பெரும்பாலும் வீட்டில், அண்ணனின் படுக்கையறையில் பதிவானது. முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கை இரண்டு மூன்று அங்குலம் வரை நெருங்கினால் குரலின் அடிப்பகுதி தானாகப் பருக்கும். கூடவே 'ப' வரும்போதெல்லாம் காற்று வெடிக்கும், எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். இவற்றைச் சமாளித்து முணுமுணுப்பையே பாட்டாக்குவது லேசான காரியமில்லை. அதைப் புதுமை என்று ஒத்துக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை.

முன்னிசை சுருங்கிப்போனதைப் பலரும் குறை சொல்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்காகும், அதனால் பல்லவி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் என்று வித்வான்களும் அன்று கீர்த்தனையைச் சுருக்கியவர்கள்தானே.

சரி, எது நிற்கும்? நம் பக்கத்திலிருந்தே ஒன்று. புதுவை பாரதிதாசன் எழுதிய 'துன்பம் நேர்கையில்' பாட்டுக்கு, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த தண்டபாணி தேசிகர் தேஷ் ராகத்தில் மெட்டமைத்தார். 1951இல் அது 'ஓர் இரவு' படத்தில் வந்தது. படத்தின் வாத்தியக் கூட்டம் இல்லாமலே கச்சேரியின் கடைசியில் பாடும் துக்கடாவாக, பள்ளி விழாவில் சிறுமிகளின் குரலில், வீணையில் என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் கட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள், பாட்டு சேதப்படவில்லை.

எந்த நட்சத்திரத்தின் பாட்டையும் இப்படிச் சோதிக்கலாம். குரல் இல்லாமல் பின்னணி இசை மட்டும் ஓடும் மைனஸ் டிராக்கை நிறுத்திவிடுங்கள். தம்புரா செயலியைப் பாடுபவரின் சுருதியில் வைத்து, பல்லவியும் ஒரு சரணமும் கால்பங்கு வேகம் குறைத்துப் பாடச் சொல்லுங்கள். பிறகு வேறு கட்டையில் பாடும் இன்னொருவரிடம் கொடுங்கள். மெட்டு நின்றால் பாட்டு நிற்கும். தாளத்தை எடுத்ததும் பாட்டே கரைந்துபோனால் அது ஆடுவதற்கான சரக்கு. அதிலும் தவறில்லை, ஆடிவிட்டுப் போகலாம்.

கடலூரிலும் புதுவையிலும் பாட்டுப் போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை அசல் சுருதி டிராக்கோடு மல்லுக்கட்ட வைக்கிறீர்கள். ஒன்றரைக் கட்டையில் பாட வேண்டிய பையன் மூன்றில் கத்துகிறான். சுருதியை இறக்கலாமென்று செயலியில் இரண்டு கட்டைக்கு மேல் நகர்த்தினால் டிராக்கின் ஒலி நொறுங்கிவிடுகிறது. ஒரு சுற்றையாவது தம்புராவோடு மட்டும் நடத்துங்கள்.

இப்படிக்கு,
ஓர் இசை ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.