இஸ்திரிப் பெட்டி நிரபராதி

திருச்சி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கும்பகோணத்துக்கு, அப்பாவின் வீட்டுக்கே திரும்பிவிட்டாய் என்று முன்பே கேள்விப்பட்டேன். ஆனால் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இணையம் வழியாக வீணை வகுப்பு எடுக்கிறாய் என்பது எனக்குப் புதுச் செய்தி. படிக்கிற காலத்தில் சுருதிப் பெட்டியைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது என்று உன்னைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

இங்கே எல்லோரும் நலம். முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் பட்டறை மேசையை விட மனம் வரவில்லை. தெருவில் எந்த வீட்டு ஆம்பிளிஃபயர் கெட்டாலும் எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஈய வாசனை சாம்பார் வரை வந்துவிட்டது என்று வீட்டில் புகார்.

சரி, உன் புகார்களுக்கு வருகிறேன். லேப்டாப்பின் உலோக உடம்பில் கை வைத்தால் சுருசுருவென்கிறது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் ஆர்.சி.சி.பி., அதாவது மின்னோட்டம் எங்காவது கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச், விழுகிறது. லேப்டாப்பை ஆம்பிளிஃபயரோடு இணைத்தால் ஸ்பீக்கர் ஹம்மென்று இரைகிறது. மூன்றுக்கும் உங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் சொன்ன வைத்தியம் புதிய எர்த் குழி, கரி, உப்பு. சுரத்துக்கும் சுளுக்குக்கும் ஒரே கஷாயம் கொடுப்பது போலத்தான் இது. குழிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. உன் வீட்டில் இருப்பது மூன்று தனித்தனிச் சங்கதிகள். மூன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் ஒன்று: புறப்பட்ட மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது?

முதலில் லேப்டாப். அதன் அடாப்டருக்குள் நிமிடத்துக்குப் பல லட்சம் முறை அணைந்து எரியும் சுற்று ஒன்று இருக்கிறது. அது கிளப்பும் இரைச்சல் வெளியே போகாமலிருக்க, மின்சாரம் வரும் கம்பியான ஃபேஸிலிருந்தும், அது திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்னச் சின்னக் கெபாசிட்டர்களைப் போட்டிருப்பார்கள். எர்த் கம்பி சரியாக இருந்தால் அவற்றின் வழியாக வரும் துளி மின்னோட்டம் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். உன் கூடத்து ப்ளக் பாயிண்டில் எர்த் துளை இருக்கிறது. அதன் பின்னால் கம்பி இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம். அந்தக் காலத்து வயரிங்கில் பல அறைகளுக்கு எர்த் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் இரண்டு கெபாசிட்டர்களுக்கு நடுவில் லேப்டாப்பின் உடம்பு அந்தரத்தில் தொங்கும். 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட்டை ஒட்டி அதில் நிற்கும். நீ மல்டிமீட்டரில் பார்த்த 110 அதுதான்.

அந்த எண்ணைக் கண்டு பயப்படாதே. கெபாசிட்டர் 2.2 நானோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாக வரக்கூடிய மின்னோட்டம் சுமார் 0.16 மில்லி ஆம்பியர். பொதுவாக அரை மில்லி ஆம்பியரை ஒட்டித்தான் மனிதனுக்கு உறைக்கத் தொடங்கும். பிறகு உனக்கு ஏன் தெரிகிறது என்று கேட்பாய். உலர்ந்த விரலை அந்த உலோகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார், சொரசொரப்பாக இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இழுத்தால் வழுவழுவென்று இருக்கும். மாறுமின்னழுத்தம் தோலை இழுத்து இழுத்து விடுவதால் வரும் அதிர்வு அது. பித்தளை விளக்கு சாக்கெட் ஒன்றைத் தடவியபோது மாலின்க்ராட் என்பவர் இதைக் கவனித்தார். 1953-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கூரான விளிம்பைத் தொட்டால் குத்துவது வேறு கதை. அங்கே அத்தனை மின்னோட்டமும் ஒரு புள்ளி வழியாக நுழைகிறது.

ஆனால் இது அந்தச் சாதுவான கசிவுதானா, உள்ளே எதுவோ உண்மையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை மீட்டரின் வோல்ட் எண் மட்டும் சொல்லாது. டிஜிட்டல் மீட்டரின் உள் தடை பெரும்பாலும் பத்து மெகா ஓம். அதன் முன்னால் துளிக் கசிவும் பெரிய வோல்ட்டாக வேஷம் போடும். டெஸ்டர் அதைவிட மோசம். மைக்ரோ ஆம்பியருக்கே அதன் நியான் பல்லைக் காட்டிவிடும். "டெஸ்டர் எரிகிறது, ஷாக் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வேறு சோதனை செய். ஒரு லட்சம் ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி, மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே க்ளிப்பால் மாட்டு. ஒரு முனை லேப்டாப் உடம்பில், மறு முனை மெயின் போர்டின் எர்த்திலிருந்து நீட்டிய கம்பியில். அளக்கும்போது எதையும் கையால் தொடாதே. 110 காட்டிய மீட்டர் பதினைந்து பதினாறு வோல்ட்டுக்கு இறங்கினால் கெபாசிட்டர் கசிவுதான். எர்த் கம்பியைச் சரிசெய்தால் முடிந்தது. இறங்காமல் நின்றால் அந்த அடாப்டரை அன்றே தூக்கிப்போடு.

இனி இஸ்திரிப் பெட்டி. உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இஸ்திரிப் பெட்டி போட்டால் விழுகிறது. ஃபேன் மட்டும் ஓடினால் விழுவதில்லை. சில நாள் மாலையில் எதையும் போடாமலே விழுகிறது. கீசரின் எம்.சி.பி.யை (மின்னோட்டம் மிஞ்சினால் வெட்டும் சுவிட்ச்) அணைத்துப் பார்த்தும் விழுந்ததால், கீசர் காரணமில்லை என்று எலக்ட்ரீஷியன் தீர்ப்பு எழுதிவிட்டார். எனக்கென்னவோ கீசர் மேல்தான் சந்தேகம். வீட்டு எம்.சி.பி.களில் பெரும்பாலானவை ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் அப்படியே கீசருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஹீட்டர் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். வெளிக்குழாயில் மயிரிழை அளவு விரிசல் விட்டாலும் தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும். நியூட்ரல் பக்கத்து முனை அப்படிக் கெட்டுப்போனால் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே கைகோத்துக்கொள்ளும்.

இப்போது என்ன நடக்கிறது பார். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பம் வரை நீளும் நியூட்ரல் கம்பியில் ஒரு வோல்ட் விழுகிறது என்று வை. நியூட்ரல் எர்த்தைவிட ஒரு வோல்ட் உயர்ந்துவிட்டது. கீசருக்குள் இருக்கும் கள்ள வழியும் எர்த் குழியும் சேர்ந்து பத்து ஓம் இருந்தால்கூட 100 மில்லி ஆம்பியர் அந்த வழியாக நழுவிப் போகும். ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமில்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழாமல் என்ன செய்யும்? ஃபேன் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு, அதனால் பிழைத்துக்கொள்கிறது. மாலையில் தெருவே விளக்கும் மோட்டாரும் போடும்போது, பொது நியூட்ரல் தானாகவே கொஞ்சம் உயர்கிறது; உன் வீட்டில் எதுவும் ஓடாவிட்டாலும் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடுகிறது.

சோதனை எளிது. கீசரின் மூன்று பின் பிளக்கையே உருவிவிட்டு இஸ்திரி போடு. விழவில்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார். அப்படியும் விழுந்தால் எல்லாப் பிளக்குகளையும் உருவ வேண்டும். அதற்குப் பிறகும் விழுந்தால் கோளாறு சுவருக்குள். எங்கோ படம் மாட்ட அடித்த ஆணியாகக்கூட இருக்கலாம். மெயினை அணைத்து, நியூட்ரல் பாரிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்தோடு 500 வோல்ட் மெகரில் (காப்புத் தடையை அளக்கும் மீட்டர்) பார்க்கச் சொல். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற கம்பிதான் ஆள். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவை நம்பாதே. அதன் சில வோல்ட்டுக்குத் தூங்குகிற கோளாறு 500 வோல்ட்டுக்குத்தான் விழிக்கும். மெகர் போடும் முன் டி.வி., கணினி, எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

புதிதாக இன்வெர்ட்டர் வைத்ததாகவும் எழுதியிருந்தாய். ஏதாவது ஓர் அறையின் ஃபேஸை இன்வெர்ட்டரிலிருந்தும், நியூட்ரலை ஆர்.சி.சி.பி.க்கு முந்தைய இடத்திலிருந்தும் எடுத்திருந்தால் அந்த விளக்கைப் போட்டதும் விழும். அதையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்.

"ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நல்ல எர்த் குழி போட்டால் போதும்" என்றாராமே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. கணக்கைப் போட்டுப் பார். நம் ஊர் வீடுகளில் எர்த் கம்பி பெரும்பாலும் வீட்டுக் குழியோடு நின்றுவிடுகிறது. மின்னோட்டம் மண் வழியாகத்தான் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். குழி ஐந்து ஓம், பிரமாதமான குழி என்றே வைத்துக்கொள்வோம். ஃபேஸ் கம்பி நேரடியாகக் கீசர் உடம்பைத் தொட்டாலும் 46 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். அது யோசித்து யோசித்து விழுவதற்குள், குளியலறையில் ஒருவர் ஈரக் கையோடு குழாயைத் திருகியிருப்பார். ஆர்.சி.சி.பி. இருந்தால் குழி கோடையில் காய்ந்து ஆயிரம் ஓம் ஆனாலும் 230 மில்லி ஆம்பியர் ஓடும், கண்ணிமைக்குமுன் வெட்டிவிடும். குழி வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்டுகிற ஆளைத் துரத்திவிட்டுக் குழி தோண்டுவது அறிவீனம் என்கிறேன். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார். பொத்தான் அதன் இயந்திரத்தை மட்டும் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது.

இன்னொன்று. கூடத்துப் பாயிண்டில் எர்த் கம்பி இல்லை என்று தெரிந்ததும் நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டுக் கம்பி போட்டுத்தருகிறேன் என்று யாராவது முன்வருவார்கள். விடாதே. எங்காவது நியூட்ரல் அறுந்தால் லேப்டாப் உடம்பில் முழு 230 வோல்ட் வந்து நிற்கும்.

ஹம் சத்தத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. லேப்டாப்பின் சார்ஜரை உருவிப் பேட்டரியில் ஓட்டு. சத்தம் நின்றால் எர்த் வளையம் அல்லது அடாப்டர் கசிவு. இதில் ஒரு வேடிக்கை, கூடத்துக்கு எர்த் கம்பி இழுத்ததும் சுருசுருப்பு போகும், ஹம் சில வேளை கூடும். இரண்டு கருவிகளும் இரண்டு அறைகளில் இரண்டு எர்த் வழியாக இணைந்திருப்பதுதான் காரணம். இரண்டையும் ஒரே போர்டில் செருகு. அப்படியும் அடங்கவில்லை என்றால் ஆடியோ கம்பியின் நடுவில் ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்; அது கம்பித் தொடர்பை அறுத்துவிட்டு இசையை மட்டும் கடத்தும். திருச்சியில் கிடைக்கும், நானே வாங்கி வைக்கிறேன். ஆம்பிளிஃபயரின் எர்த் பின்னை உடைத்தால் சத்தம் நிற்கும் என்று மேடைக்காரர்கள் சொல்வார்கள். நிற்கும்தான். வீணைத் தந்தியில் கை வைத்திருக்கும் உனக்கு அந்த வைத்தியம் வேண்டாம்.

தை பிறந்ததும் ஒரு நாள் அங்கே வரலாம் என்றிருக்கிறேன். மெகர் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். அதற்குள் கீசர் பிளக்கை உருவிப் பார்த்து முடிவை எழுது. கூடத்துப் பாயிண்டின் மூடியைக் கழற்றிப் படமெடுத்து அனுப்பினாலும் நல்லது; மெயினை அணைத்துவிட்டுக் கழற்று. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்