தொப்பூர் இறக்கத்தில் நீ நியூட்டர் போட்டாயே

ஓமலூர்,
13.7.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். எழுத்தில் இருந்தால் இன்னொரு தடவை எடுத்துப் படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

போன மாதம் ஓசூரிலிருந்து உன் காரில் எல்லோரும் வந்தோமே, பாளையம்புதூர் டோல்கேட் தாண்டி தொப்பூர் இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் நீ கியரைத் தட்டி நியூட்டருக்கு, அதாவது எந்தக் கியரிலும் இல்லாத நிலைக்கு, கொண்டுவந்தாய். "இங்கேருந்து கீழ வரைக்கும் பெட்ரோல் செலவே இல்லப்பா" என்றாய். குட்டி பின் சீட்டில் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. வளைவில் ஸ்டியரிங் பிடித்திருக்கிறவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது என் சர்வீஸ் பழக்கம். ஆனால் இரட்டைப் பாலம் தாண்டுகிற வரைக்கும் எனக்கு உயிர் என்னிடம் இல்லை.

அந்தக் கணவாயில் 26 வருஷம் சேலம் - தர்மபுரி பஸ் ஓட்டினவன் நான். அந்த ரோடு என்.எச். 7 ஆக, இரண்டு வண்டி ஒதுங்கிப் போகிற அகலத்தில் இருந்த காலத்திலிருந்து தெரியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்டரில் விட்ட லாரிகளின் பின்னால் நான் இறங்கியிருக்கிறேன். முதலில் ஒரு வாடை வரும், ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற மாதிரி. அப்புறம் பின் சக்கரத்தில் வெள்ளைப் புகை. அதற்கு மேல் அந்த டிரைவர் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் சூடேறிய லைனிங் பிடிக்காது. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்டரில் மொத்த எடையும் பிரேக் ஒன்றின் தலையில் விழுகிறது. கார் சின்ன வண்டிதான், லாரி அளவுக்கு ஆபத்தில்லை என்று நினைக்காதே. உனக்குப் பின்னால் வருகிறது எது என்று உனக்குத் தெரியாது. ஒதுங்க வேண்டிய நேரத்தில் உன் வண்டி உன் கைக்குள் இருக்க வேண்டும். இறக்கத்தில் இன்ஜினையே அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. அணைத்தால் பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், ஸ்டியரிங் இறுகிவிடும். அதை மட்டும் கனவிலும் செய்யாதே சாமி.

இன்னொன்றும் சொல்கிறேன். நியூட்டரில் உனக்குப் பெட்ரோல் மிச்சமாகவும் இல்லை. கார்புரேட்டர் காலத்து அம்பாசிடர் டாக்சிக்காரர்கள் ஆரம்பித்த பழக்கம் அது. உன்னுடையது பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வண்டி. நீ கியரில் வைத்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது என்பது உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியும். உடனே பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். வேகம் நன்றாகக் குறைந்து, இன்ஜின் அணைந்துபோகிற நிலைக்கு வரும்போதுதான் மறுபடி திறந்துவிடும். நியூட்டரில் போட்டாயானால் இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள வேண்டும். சிக்னலில் நிற்கிறபோது குடிக்கிற மாதிரி கீழே வந்து சேரும் வரை குடித்துக்கொண்டே வரும். உன் மீட்டரில் அந்தந்த நொடியின் மைலேஜைக் காட்டுகிற கோடு இருக்கிறது அல்லவா? அடுத்த தடவை தேர்ட் கியரில் காலை எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்கச் சொல். கோடு கடைசி வரை ஓடி நிற்கும்.

"கம்பெனிக்காரன் மைலேஜ் 20க்கு மேல சொன்னான், எனக்கு 13தான் கொடுக்குது" என்று நீ அன்றைக்கு வருத்தப்பட்டாய். ஒர்க்‌ஷாப்பில் இன்ஜெக்டர் கிளீனிங், டேங்கில் ஊற்றுகிற மருந்து என்று 4,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பில்லைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அந்த வண்டிக்கு ஒரு நோயும் இல்லை கண்ணு. இன்ஜின் சத்தத்தை நான் கேட்டேன், சுத்தமாக இருக்கிறது.

1991-ல் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நம்ம சேலம் கழகத்துக்கு அண்ணா போக்குவரத்துக் கழகம் என்று பெயர். டிப்போவில் மாதா மாதம் ஒவ்வொரு டிரைவரின் கேஎம்பிஎல்லையும், அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை, போர்டில் சாக்பீஸால் எழுதிப் போடுவார்கள். என் பெயர் கடைசியில் இருந்தது, 3.9 என்று. வண்டி சரியில்லை, பம்ப் சரியில்லை என்று நானும் சண்டை போட்டேன். ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம் இருந்த ஒரு பெரிய டிரைவர், "தம்பி, நாளைக்கு உன் வண்டியில நான் வர்றேன்" என்றார். என் பக்கத்தில் பானட் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். மடியில் ஒரு பை நிறையப் புளியங்கொட்டை. நான் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஒரு கொட்டையை எடுத்து டம்ளரில் போட்டார். டிங் என்று சத்தம் வரும். சேலத்திலிருந்து தர்மபுரி போய்ச் சேர்ந்தபோது டம்ளர் நிறைந்து, மீதி அவர் கையில் இருந்தது. எண்ணினோம். 143.

"இதுல ஸ்டாப்பிங்குக்குப் போட்டது எத்தனை?" என்று கேட்டார். 40 கூட வரவில்லை. மீதி எல்லாம் முன்னால் போகிற மாட்டு வண்டிக்கும், நான் கடைசி நேரத்தில் பார்த்த வேகத்தடைக்கும், முந்தப் போய் முடியாமல் பின்வாங்கினதற்கும் போட்டது. "தம்பி, உன் காலு மேல ஒரு குத்தமும் இல்ல. உன் கண்ணு பம்பர்லயே நிக்குது. அதைத் தூக்கி அந்தப் புளியமரத்துல வை" என்று தூரத்து வளைவைக் காட்டினார். மறுநாள் அதே டிரிப்பில் 88 கொட்டை. டைம் கீப்பர் நோட்டில் எழுதிய நேரம் இரண்டு நாளும் ஒன்றுதான். நான்கு மாதத்தில் என் பெயருக்கு நேரே 4.4 வந்தது.

பின்னால் டிப்போ இன்ஜினியர் ஒருவர் எனக்குக் கணக்கே போட்டுக் காட்டினார். ஆள் நிறைந்த பஸ் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்று, மறுபடி அந்த வேகத்துக்கு வர ஒரு டீ கிளாஸ் டீசல் வேண்டும். வேகம் என்பது நீ ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற பொருள். பிரேக் மிதித்தால் அது டிரம்மில் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. அதே கணக்கை உன் காருக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன் வண்டி 60-லிருந்து நின்று மறுபடி 60க்கு வர சுமார் 15 மில்லி பெட்ரோல். குட்டிக்கு இருமல் மருந்து ஊற்றுகிற மூடி ஒன்று. இன்றைய விலைக்கு ஒன்றரை ரூபாய்.

உங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது ஒரு நாள் உன்னோடு எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் வந்தேன். அட்டிபெலே தாண்டியதிலிருந்து சந்தாபுரா, பொம்மசந்திரா என்று வரிசையாக நெரிசல். முன்னால் இருக்கிற வண்டி பத்தடி நகர்ந்தால் நீ விருட்டென்று போய் அதன் பின்னால் ஒட்டி நின்றாய். உனக்குத் தெரியாமல் விரல் விட்டு எண்ணினேன். போகும்போது மட்டும் 94 பிரேக். இதில் பாதி நீ போடாமல் இருந்திருக்கலாம். முன்னால் ஒரு வண்டி இடம் விட்டுவிடு. அதில் ஆட்டோவோ பைக்கோ புகுந்தால் புகட்டும், இன்னும் கொஞ்சம் பின்தங்கு. நீ செகண்டில் மெதுவாக உருண்டுகொண்டே இருந்தால், அவர்கள் நின்று கிளம்புகிற இடத்தில் நீ நிற்காமலே போய்ச் சேருவாய். தூரத்தில் சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிடு. கியரில் விட்டால் பெட்ரோல் நின்றுவிடும் என்று மேலே சொன்னேனே, அது மலைக்கு மட்டுமில்லை, சிக்னலுக்கும்தான்.

இடது காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளட்ச் மேலேயே வைத்திருக்கிறாய். மேம்பால ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்தபடி, ஹாஃப் கிளட்சில், வண்டியைப் பிடித்து நிறுத்துகிறாய். அங்கே எரிகிறது பெட்ரோல் மட்டுமில்லை, கிளட்ச் பிளேட்டும். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடு. கியர் மாற்றுவதில் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே மாற்றுகிறாய். தேர்டில் மட்டும் இன்ஜின் கத்துகிற வரைக்கும் இழுக்கிறாய், கொஞ்சம் முன்னாலேயே ஃபோர்த்துக்கு வந்துவிடு.

நெடுஞ்சாலையில் விஷயம் வேறு. அங்கே பெட்ரோலைக் குடிப்பது காற்று. வேகம் கூடுகிற அளவிலேயே காற்றின் தடையும் கூடும் என்று நினைப்போம், அப்படி இல்லை. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கினால் வருகிற கணக்கில் கூடும். 80-லிருந்து 100க்குப் போனால் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். கிருஷ்ணகிரியிலிருந்து இங்கே வரைக்கும் நீ 100, 110 என்று வந்தாய். 100 கிலோமீட்டர் தூரத்தை 80-ல் வந்தால் 75 நிமிஷம், 100-ல் வந்தால் 60 நிமிஷம். அந்தக் கால் மணி நேரத்தை டோல்கேட் டீக்கடையில் விட்டுவிட்டுத்தானே வந்தோம். திருப்பதிக்குப் போனபோது மாப்பிள்ளை மாட்டிய மேல் கேரியரும் இன்னும் அப்படியே இருக்கிறது. அது காலியாக இருந்தாலும் காற்றைப் பிடித்து இழுக்கும். கழற்றி மொட்டை மாடியில் போடச் சொல். டிக்கியில் இருக்கிற அரிசி மூட்டையைப் பற்றிக் கவலைப்படாதே, அது பெரிய விஷயமில்லை.

நீங்கள் கிளம்பிப் போகிற அன்று காலையில், நான் காற்று அளந்தது உனக்குத் தெரியாது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் 33 என்று இருக்கிறது. இரண்டு டயரில் 26, ஒன்றில் 24. காற்றுக் குறைந்த டயர் ரோட்டில் அப்பிக்கொண்டு ஓடும், உருட்டவே பெட்ரோல் கூடுதலாக வேண்டும். மழையில் பிடிமானமும் போய்விடும். நம்ம தெரு முனை பஞ்சர் கடையில் பிடித்துக் கொடுத்தேன். 15 நாளுக்கு ஒருமுறை, காலையில், வண்டி ஓடிச் சூடேறும் முன்னால் அளந்து பார். ஓடி வந்த டயரில் அளந்தால் காற்று கூடுதலாகக் காட்டும், ஏமாந்துவிடுவாய்.

குட்டியின் பள்ளிக்கூட வாசலில் ஏசி போட்டு 20 நிமிஷம் நிற்கிறாய். அப்படி நின்றால் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிச் செலவாகும். அதற்காகப் பிள்ளையைப் புழுங்க வைக்காதே. எதிரே புங்க மரம் இருக்கிறது, அங்கே நிறுத்தி அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கு. அவன் வந்ததும் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் சூட்டை வெளியே விட்டு, அப்புறம் ஏசி போடு. ஹைவேயில் மட்டும் கண்ணாடியை ஏற்றி ஏசியிலேயே வா, திறந்துவிட்டால் காற்று தடுக்கும்.

கம்பெனி சொன்ன எண்ணை மறந்துவிடு. அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி, ஏசி போடாமல், 90க்கு மேல் போகாமல் எடுத்த கணக்கு. இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே கொஞ்சம் குறையத்தான் செய்யும், அது உன் குற்றமில்லை. நீ உன் எண்ணோடு மட்டும் போட்டி போடு. ஃபுல் டேங்க் போட்டுக் கிலோமீட்டரை எழுதி வை. அடுத்த ஃபுல் டேங்க் வரைக்கும் ஓடின கிலோமீட்டரை, அப்போது எத்தனை லிட்டர் பிடித்ததோ அதால் வகுத்துப் பார். ஆனால் ஊருக்கு வருகிற வழியை மட்டும் வைத்துச் சந்தோஷப்படாதே. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம்ம ஊர் 300-ஐ ஒட்டி. வருவது முழுக்க இறக்கம். திரும்பிப் போகும்போது அந்த உயரத்துக்கு மட்டும் அரை லிட்டருக்கு மேல் வாங்கிக்கொள்ளும். போக, வர இரண்டையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும்.

ஆடிப்பெருக்கு இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, ஆகஸ்ட் 3. சனிக்கிழமை காலையிலேயே கிளம்பி வந்துவிடுங்கள், மறுநாள் மேட்டூருக்குப் போய்க் குளிக்கலாம். நான் முதல் நாளே பஸ் பிடித்து ஓசூர் வந்துவிடுகிறேன். உன் பக்கத்து சீட்டில் நான் உட்காருகிறேன், மாப்பிள்ளை கோவித்துக்கொள்ள மாட்டார். தொப்பூரில் தேர்ட் கியரில் இறங்குவோம். அம்மா புளி கொட்டை எடுத்தபோது ஒரு பை தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். டம்ளர் குட்டி கையில் இருக்கட்டும். போடுவதும் எண்ணுவதும் அவன் வேலை.

அன்புடன்,
அப்பா