முதலில் கிடாரியின் இடுப்பைப் பார்

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போனில் எனக்கு வரிசையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர் தன் பிராமன் காளையை உன் ஹியர்ஃபோர்டு மாடுகளோடு விடச் சம்மதித்தது நல்ல சேதிதான். குயின்ஸ்லாந்து வெயிலையும் உண்ணியையும் தாங்கத் திமில் மாட்டு ரத்தம் வேண்டும் என்கிறாய், அதுவும் சரி. ஓங்கோல், கிர் என்று நம்ம நாட்டு மாடுகளைக் கொண்டுபோய் அமெரிக்காவில் உண்டாக்கியதுதான் பிராமன் என்று நீ சொன்னபோது பெருமையாக இருந்தது. இங்கே நாங்கள் பாலுக்காக நாட்டு மாட்டுக்குச் சீமைக் காளையின் சினை ஊசி போட்டோம். நீ கறிக்காகச் சீமை மாட்டுக்கு நம்ம வழிக் காளையை விடுகிறாய்.

ஆனால் ஈன்று பழகிய ஏழு மாடுகளோடு இன்னும் ஈனாத அந்த ஐந்து கிடாரிகளையும் சேர்த்து விடுவேன் என்றாயே, அதை மட்டும் செய்யாதே.

செவலையை உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது கைக்குழந்தை. பொய்கைச் சந்தையில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா பிடித்துவந்த நாட்டுக் கிடாரி, சின்னக் கட்டு. ஊசி போட வந்தவர் சின்ன இனமான ஜெர்சி போதும் என்றார். நான்தான் கேட்கவில்லை. கறுப்பு வெள்ளை மாடுதான் பால் அதிகம் கறக்கும் என்று அதையே போடச் சொன்னேன். ஒன்பது மாதமும் தவிடும் புண்ணாக்கும் மல்லாட்டைக் கொடியும் குறையில்லாமல் வைத்தேன். ஈனுகிற அன்று பன்னீர்க்குடம் உடைந்து முன்கால் இரண்டும் மூக்கும் தெரிந்தன, சந்தோஷப்பட்டேன். தலையும் தோளும் வந்த பிறகு கன்றின் இடுப்பு உள்ளே சிக்கிக்கொண்டது. நாலு பேர் இழுத்தும் வரவில்லை. டாக்டர் வந்து எடுத்தபோது கன்றுக்கு உயிர் இல்லை. செவலையின் பின்னங்கால்கள் எழவே இல்லை. மூன்றாம் நாள் அதுவும் போய்விட்டது. எழுந்து நிற்கத் தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

காலையில் நம்ம ஊர்க் கால்நடை டாக்டரிடம் கேட்டேன். தாய் பிராமனாக இருந்தால் கன்று சிறிதாகப் பிறக்குமாம். காளை பிராமனாகவும் தாய் சீமை மாடாகவும் இருந்தால் கன்று கனத்துப் பிறக்குமாம். உன்னுடையது இந்த இரண்டாவது கதை. ஈன்று பழகிய மாடு அதைத் தாங்கும், தலையீற்றுக் கிடாரிக்குக் கஷ்டம். சிறிய கன்று போடும் ஆங்கஸ் காளை எங்கேயாவது கிடைத்தால் கிடாரிகளுக்கு அதை விடு. வளர்ந்த மாட்டின் எடையில் நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து பங்காவது வராத கிடாரியை எந்தக் காளையோடும் விடாதே.

ஊசி போடலாமே என்பாய். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. அதற்கு ஆள் கூடவே இருக்க வேண்டும். நீயோ வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வருகிறவன். அந்த நாளைத் தவற விட்டால் இருபத்தொரு நாள் போச்சு.

அப்புறம் இன்னொன்று. முதல் கலப்பில் பிறக்கும் கன்றின் வீரியம் பார்க்க நன்றாக இருக்கும். அதே காளையைத் திரும்ப அதன் மகள்களுக்கே விட்டால் அந்த வீரியம் பாதியாகும், ஒரே ரத்தம் சேர்ந்து கன்றும் கெடும். இங்கே ஜெர்சி ரத்தம் ஏற ஏற, அக்னி நட்சத்திரத்தில் மாடுகள் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்ததை நீயே பார்த்திருக்கிறாய்.

கறிக்கு மாடு வளர்க்கிறான் என்று உறவில் சிலர் பேசுகிறார்கள். நீ அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. தோல் பதனிடும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் பக்கத்தில் இருக்க, எனக்கு அதில் ஒரு மனத்தடையும் இல்லை. கறிக்கு என்றாலும் ஈனும்போது மாடு வதைபடக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது.

காளை வருவதற்குள் கிடாரிகளை வேறு வேலிக்கு மாற்றிவிடு. ஐந்தையும் பின்பக்கம் நின்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பு. இடுப்பு அகலம் எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா