டிமிட்ரோவ் பற்றி நீ கேட்கவே இல்லை

சென்னை
20 ஜூலை 2025

அன்புள்ள கார்த்தி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில்தான் அனுப்பப்போகிறேன். தபாலில் போட்டால் அடுத்த விம்பிள்டனுக்குத்தான் வந்து சேரும்.

விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்தில் நீ விட்டது 340 பவுண்டு. நீயாகச் சொன்னாய், மறைக்கவில்லை. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீங்க என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். பெருக்கினேன். ஏறக்குறைய 40,000. அம்மாவிடம் சொல்லவில்லை. நீ இருக்கும் பிரிட்டனில் 1961-லிருந்து தெருவுக்குத் தெரு பந்தயக் கடை உண்டு, சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை என்று நீ சொன்னது சரிதான். நான் அதற்காக எழுதவில்லை.

7-ஆம் தேதி ராத்திரி நீ கூப்பிட்டது நினைவிருக்கிறதா? விம்பிள்டனில் சின்னரை பல்கேரியாக்காரர் டிமிட்ரோவ் இரண்டு செட் முந்தியிருந்தார், 6-3, 7-5. மூன்றாவது செட் 2-2. சர்வ் போட்டுவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு புல்லில் சரிந்தார். வலது பக்க மார்புத் தசை. அழுதுகொண்டே கைகுலுக்கினார். உலகத்தின் நம்பர் ஒன் ஆட்டக்காரனான சின்னர் அவருடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு கூட நடந்தான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் போன். நீயும் அதைப் பற்றித்தான் பேசப்போகிறாய் என்று எடுத்தேன். நீ பேசியது முழுக்க விதிமுறை. ஒரு செட் முடிந்திருந்தால் அடுத்த சுற்றுக்குப் போகிறவனே ஜெயித்தவன் என்று இந்தப் பந்தயக் கம்பெனி வைத்திருக்கிறதாம், ஆட்டம் முழுசாக முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருகிற கம்பெனிகளும் இருக்கிறதாம், டிமிட்ரோவ் மேல் நீ கட்டிய பணம் போய்விட்டதாம், உன்னை ஏமாற்றிவிட்டார்களாம். அரை மணி நேரம். டிமிட்ரோவுக்கு என்ன ஆச்சு என்று நீ ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.

நீ அப்படிப்பட்ட பையன் இல்லை. தெருநாய் நொண்டினால் ஸ்கூலுக்கு லேட்டாகப் போனவன். அதனால்தான் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

கம்பெனி ஏமாற்றவும் இல்லை. விதி முன்னாடியே எழுதியிருக்கிறது, நீ படிக்கவில்லை. டிமிட்ரோவ் பாதியில் விலகியது தொடர்ந்து ஐந்தாவது கிராண்ட் ஸ்லாம். போன வருஷ விம்பிள்டனிலிருந்து ஒவ்வொன்றிலும் உடம்பு அவரைக் கைவிட்டிருக்கிறது. இது உனக்குத் தெரியாமல் இருக்கலாம், விலை போடுகிறவனுக்குத் தெரியும்.

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொண்டு நோட்டில் கணக்குப் போட்டேன். முப்பது வருஷம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு வேறு என்ன தெரியும்? சரிசமமான ஆட்டம் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் 1.90 என்று போட்டிருக்கிறான், அதாவது 1 கட்டி ஜெயித்தால் 1.90 திரும்ப வரும். இந்தப் பக்கம் 100, அந்தப் பக்கம் 100 கட்டினால் 200 போகும்; யார் ஜெயித்தாலும் திரும்பி வருவது 190. பத்து அவனுக்கு. 5 சதவீதம். நீ இரண்டு வாரத்தில் மொத்தம் கட்டியது 640 பவுண்டு. அவன் பங்கு போக உனக்கு 32 பவுண்டு நஷ்டம் வந்திருந்தால் நியாயம். அதிர்ஷ்டம் இல்லை என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள். 340 எப்படி ஆச்சு?

தேதி வாரியாகப் பார்த்தால் தெரிகிறது. முதல் வாரம் எல்லாம் பத்துப் பத்துப் பவுண்டு. 7-ஆம் தேதிக்கு அப்புறம் முப்பது. சனிக்கிழமை மகளிர் இறுதி ஆட்டம் மூன்று செட் போகும் என்று கட்டியிருக்கிறாய். ஸ்வியான்டெக் 57 நிமிஷத்தில் 6-0, 6-0 என்று முடித்துவிட்டாள், 1911-க்கு அப்புறம் விம்பிள்டன் இறுதியில் நடக்காத ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆடவர் இறுதி ஆட்டத்தில் 60, மறுபடி ஒரு 80. விட்டதைப் பிடிக்கப் போயிருக்கிறாய். கம்பெனிக்காரன் எடுத்தது கொஞ்சம், மீதியை நீயேதான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய்.

பந்தயம் கட்டுகிறவர்கள் எல்லோரும் முட்டாள் என்று சொல்ல வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டுஷைர்காரர் ஒருவர் 2003-இல், 2019-க்குள் ஃபெடரர் ஏழு தடவை விம்பிள்டன் ஜெயிப்பார் என்று ஒன்றுக்கு 66 விலையில் 1,520 பவுண்டு கட்டினார். 2009-இல் செத்துப்போனார். உயிலில் அந்தப் பந்தயச் சீட்டை ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்துக்கு எழுதிவைத்திருந்தார். 2012-இல் ஃபெடரர் ஏழாவது தடவை ஜெயித்ததும், கட்டிய பணமும் சேர்த்து 1,01,840 பவுண்டு ஆக்ஸ்ஃபாமுக்குப் போனது. அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும். ஒருத்தனுடைய ஆட்டத்தைப் பார்த்து, நம்பி, சீட்டை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கிறார். நீ அடுத்த கேம் யாருக்கு என்று கட்டுகிறாய். ஃபெடரரே போன வருஷம் ஒரு பட்டமளிப்பு விழாவில் சொன்னார்: 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்தவர், மொத்த பாயிண்டில் எடுத்தது 54 சதவீதம்தான். அவருக்கே பாதிக்கு மேல் நூற்றுக்கு நாலு பாயிண்ட்தான் உறுதி என்றால், சோபாவில் உட்கார்ந்திருக்கிற உனக்கு எவ்வளவு?

சின்னரும் அல்கராஸும் ஆடிய இறுதி ஆட்டத்தன்று வீடியோ காலில் ஒன்று கவனித்தேன். என் டிவியில் அல்கராஸ் இன்னும் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான், நீ "போச்சு" என்றாய். நமக்குத்தான் ஒளிபரப்பு லேட் என்று நினைத்தேன். அப்புறம் உன் பின்னால் இருந்த டிவியைப் பார்த்தேன். அதிலும் பந்தைத் தட்டிக்கொண்டுதான் இருந்தான்! உன் கையில் இருந்த போனில் பாயிண்ட் முடிந்திருந்தது. மைதானத்தில் பதிவாகிற ஸ்கோர் நேராக ஓடிவிடுகிறது, படம் சுற்றிக்கொண்டு பின்னால் வருகிறது. அந்தச் சில விநாடிக்காகவே ஸ்டாண்டில் ஆளை உட்காரவைத்து ரகசியமாகத் தகவல் அனுப்பச் சொல்கிற கூட்டம் உண்டு; 2014-இல் மெல்பர்னில் அப்படி ஒரு ஆளைப் பிடித்து, பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். உன் வீட்டில் அந்த விநாடி எதற்கும் உதவவில்லை. பந்து விழுவதற்கு முன்னாலேயே ஆட்டம் உனக்கு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அல்கராஸ் முதல் செட்டை எடுத்ததும் நீ 80 சேர்த்தாய். கடைசி ஐந்து தடவையும் சின்னரை அவன் ஜெயித்திருக்கிறானே என்று காரணமும் சொன்னாய். அதற்குமேல் அவனுக்கு ஒரு செட்கூட வரவில்லை. உன்னைக் குத்திக்காட்ட எனக்கு யோக்கியதை இல்லை, கார்த்தி. இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

1981 விம்பிள்டன் காலிறுதி. நம்ம விஜய் அமிர்தராஜ், எதிரே ஜிம்மி கானர்ஸ். ஹாஸ்டலில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஷார்ட்வேவில் பிபிசி. குரல் அலை மாதிரி வரும், போகும். விஜய் ஜெயிப்பார் என்று பக்கத்து ரூம்காரனிடம் 20 ரூபாய் பந்தயம். விஜய் 6-2, 7-5 என்று இரண்டு செட்டையும் எடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "நீ இன்னொரு 20 வை, தோத்தா நான் 60 தரேன்" என்றேன். யாரும் கேட்கவில்லை, நானேதான். நீ போனில் செய்வதை நான் வாயால் செய்தேன். அடுத்த மூன்று செட்டும் கானர்ஸுக்கு, 6-4, 6-3, 6-2. மொத்தம் 80 ரூபாய். மெஸ் பில் கட்ட உன் தாத்தா மணியார்டரில் அனுப்பிய பணம். அவருக்குக் கடைசிவரை தெரியாது.

பணம் போனதுகூட மறந்துவிட்டது. ஆனால் சென்னைக்காரர் ஒருவர் கானர்ஸை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தாரே, எப்படி ஆடினார், என்ன ஷாட் அடித்தார் என்று ரேடியோக்காரன் சொன்னதில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் இல்லை. 60, 80 என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தது மட்டும் இருக்கிறது.

2019 இறுதி ஆட்டம் எனக்கு அப்படியே இருக்கிறது. நம் ஹால், நீ தரையில். ஐந்தாவது செட், 8-7, 40-15, ஃபெடரர் சர்வீஸ். வயது 37. இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட். நீ தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாய். இரண்டும் போயிற்று. 4 மணி 57 நிமிஷம் ஆடி, ஜோகோவிச்சைவிடப் 14 பாயிண்ட் அதிகம் எடுத்தும் ஃபெடரர் தோற்றார். அம்மா மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டு, கடைசியில் தோசையைத் தட்டோடு கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நீ சாப்பிடவே இல்லை. நமக்கு அதில் ஒரு பைசா போகவில்லை.

சரி. உன் நாட்டில் கேம்ஸ்டாப் என்று ஒன்று இருக்கிறதாமே, பேரைப் பதிந்தால் அங்கே லைசென்ஸ் உள்ள பந்தயத் தளம் எல்லாம் குறைந்தது ஆறு மாதத்துக்கு உள்ளே விடாதாம். செய்வதும் செய்யாததும் உன் இஷ்டம். முப்பது வயசுப் பையனுக்கு நான் பூட்டுப் போட முடியாது. இந்த மாசம் வாடகைக்குக் கை கடித்தால் மட்டும் கடன் ஆப் எதையும் தொடாதே, என்னிடம் கேள். கணக்கு கேட்கமாட்டேன், நோட்டில் எழுதிக்கொள்வேன்.

ஆகஸ்ட் கடைசியில் யுஎஸ் ஓபன். நியூயார்க் ராத்திரி ஆட்டம் உனக்கு நடுராத்திரி, எனக்கு விடியற்காலை நாலரை. அலாரம் வைத்து எழுந்துவிடுவேன், அம்மா திட்டினாலும் காபி கிடைக்கும். போனைப் பக்கத்து ரூமில் சார்ஜில் போட்டுவிட்டு லேப்டாப்பில் கூப்பிடு. எனக்குப் படம் லேட்டாகத்தான் வரும், ஸ்கோரை முன்னாடியே சொல்லித் தொலைக்காதே.

அன்புடன்,
அப்பா