பெரியம்மாவுக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி

சுங்கை சிப்புட் சபை மக்களுக்கும் எங்கள் தோட்டத்து உறவுகளுக்கும் அன்பின் வணக்கம்.

அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். என் இறையியல் பட்டத்திற்கான ஆய்வேடும் ஏற்கப்பட்டுவிட்டது. இடையில் நடந்தவற்றை நீங்களே கண்டிருப்பதால் இங்கு விவரிக்கவில்லை. செரம்பானிலிருந்து தினமும் தொலைபேசியில் ஜெபித்த வகுப்புத் தோழர்கள், தவணையை நீட்டித்துத் தந்த பேராசிரியர், மருத்துவமனைக்குக் கார் ஓட்டிய வாலிபர்கள், சோறு கொடுத்தனுப்பிய பெண்கள் ஐக்கியத்தார், பெயர் சொல்லாமல் உறையில் பணம் வைத்துச் சென்றவர்கள் என எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் அவர், வேலை முடிந்து குளித்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டு, "நீ போய் எழுதும்மா" என்பார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வெள்ளிதோறும் மாரியம்மன் கோவிலில் விளக்கேற்றும் அவர், அன்றன்று நான் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது தாமும் கவனமாகக் கேட்பார்.

என் ஆய்வு விவிலியத்திலுள்ள ரூத் நூலின் இரண்டாம் அதிகாரத்தைப் பற்றியது. கணவனை இழந்த மோவாபியப் பெண் ரூத், மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்து, போவாஸ் என்பவரின் வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கும் பகுதி அது. அறுப்பில் சிந்தியதை ஏழைக்கும் பரதேசியான அந்நியனுக்கும் விட்டுவிடச் சொல்லும் லேவியராகமம் 19, மோவாபியரை இஸ்ரவேலரின் சபையிலிருந்து விலக்கும் உபாகமம் 23, அப்படி விலக்கப்பட்ட இனத்துப் பெண்ணே தாவீது அரசனின் கொள்ளுப்பாட்டியாகும் வியப்பு, எஸ்றா, நெகேமியா என்னும் யூதத் தலைவர்களின் காலத்தில் அந்நிய மனைவியரைத் தள்ளிவிட்டதற்கு மறுப்பாக இந்நூல் எழுந்ததா என்ற அறிஞர் விவாதம் ஆகியவற்றையே நான் எழுதிக்கொண்டிருந்தேன். அறுத்துக் கட்டிய அரிக்கட்டுகளிலிருந்தும் சிலவற்றை ரூத்துக்காக உருவிப் போடுமாறு போவாஸ் வேலைக்காரருக்குக் கட்டளையிடும் 16ஆம் வசனத்தை வாசித்த மாலையில் பெரியம்மா குறுக்கிட்டார்.

"ஒண்ணொண்ணா பொறுக்குறவளுக்குத்தாம்மா தெரியும். உருவிப் போட்டா கொத்தா விழும்; ஒரே குனிவுல கை நெறஞ்சிடும். அந்த மனுசன் அவ முதுகைப் பார்த்திருக்காரு."

சொல்லிக்கொண்டே தம் இடுப்பைப் பிடித்துக் காட்டினார்; நகக்கண்ணெல்லாம் செம்பனை எண்ணெய்க் கறை. அன்று மாலைவரை பொறுக்கிய ரூத், ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமையை, நம் கணக்கில் இருபது லிட்டருக்கு மேல், ஊருக்குள் சுமந்து சென்றாள் என்று வாசித்தபோது, "தலையிலயா, தோள்லயா?" என்று கேட்டார். நான் வாசித்த விளக்கவுரைகள் போவாசின் தாராளத்தைப் பேசின. பொறுக்குகிறவளின் உடலிலிருந்து அந்த வசனத்தை எனக்கு விளக்கியவர் இவர்தாம். அவர் சொன்னதாகவே அதை ஆய்வேட்டில் பதிவு செய்திருக்கிறேன். விவிலிய விளக்கத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடமாகவும் அதையே கருதுகிறேன்.

ஊழியத்தில் என்னை எந்த ஊருக்கு அனுப்பினாலும், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில், எம்மதத்தாரும் வந்து அமரும்படி வேத வாசிப்பு நடத்துவேன் என்று உங்கள் முன் வாக்களிக்கிறேன். புறப்படுமுன் நம் ஊரிலேயே, எங்கள் வீட்டு முன்வாசலில், ரூத் நூலோடு அதைத் தொடங்குகிறேன். பெரியம்மா வர ஒப்புக்கொண்டிருக்கிறார், நீங்களும் வாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் சபையின் இறையியல் மாணவி