கமிட் ஆயிட்டானாம்ல!

மாப்ள,

மெயில் பாத்தேன், பதில் போட லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காத. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்பறம்தான் நிம்மதி. இங்க எல்லாரும் சௌக்கியம், ஆனா வீட்ல ஒரே பாஸ்கெட்பால் பஞ்சாயத்து.

நான் இருக்குற கேரி ஊர சுத்தி ட்யூக், நார்த் கரோலினா, என்சி ஸ்டேட்னு மூணு காலேஜும் பக்கம் பக்கமா இருக்கு. பெரியவன் நார்த் கரோலினா கட்சி, சின்னவ ட்யூக். மேட்ச் அன்னிக்கு சண்டை போட்டாகூட பரவால்ல, இதுங்க மேட்சே இல்லாத மாசத்துல, இன்னும் ஸ்கூலே முடிக்காத எவனோ ஒருத்தன் எந்த காலேஜுக்கு ஆடப் போறான்னு அடிச்சுக்குதுங்க. போன வாரம் அப்படித்தான் ஒரு பையன் ஜெர்சி போட்டு நிக்குற படம், மேல பெருசா கமிட்டட்னு, அதாவது இந்த காலேஜுக்குத்தான் ஆடப் போறேன்னு முடிவு பண்ணிட்டேன்னு எழுதி சுத்துச்சு, பெரியவன் ராத்திரி பூரா ஆட்டம் போட்டான், காலைல பாத்தா அந்தப் பையனே நான் இன்னும் எதுவும் முடிவு பண்ணலன்னு போட்டுட்டான்.

அந்த ஜெர்சி படம் எங்கேருந்து வருதுன்னு தெரியுமா? பையன் ஒவ்வொரு காலேஜையும் சுத்திப் பாக்கப் போறப்ப அவங்களே ஜெர்சி மாட்டி, லைட்டெல்லாம் போட்டு போட்டோ ஷூட் எடுத்துக் குடுப்பாங்க. அப்ப நாலு காலேஜ் போனா நாலு ஜெர்சில படம் இருக்கும், அதுல ஒண்ண எடுத்து மேல ஒரு வார்த்தைய போட எவ்ளோ நேரம் ஆகும் சொல்லு. அப்பறம் நம்பிக்கையான ரிப்போர்ட்டர் ஒருத்தரோட பேரு, போட்டோவ போட்டு ஒரு எழுத்து மட்டும் மாத்தி ஒரு போலி அக்கவுண்ட், அதுலேருந்து கிளப்பி விட்டா எல்லாரும் நம்பிடுவாங்க. 2022 நவம்பர்ல ட்விட்டர்ல காசு குடுத்தா ப்ளூ டிக்னு ஆன உடனே பெரிய பாஸ்கெட்பால் ஸ்டார் லெப்ரான் ஜேம்ஸ் பேர்லயே ஒரு போலி அக்கவுண்ட் வந்து டீம் மாறப் போறேன்னு போட்டுச்சு. லெப்ரானுக்கே இந்த கதின்னா ஸ்கூல் பையன் எம்மாத்திரம்.

எனக்கு ஆச்சரியம் என்னன்னா, உண்மை தெரிஞ்ச கோச் வாயத் தொறக்க முடியாது. பையன் கையெழுத்து போடுற வரைக்கும் அவனப் பத்தி கோச் வெளிய பெருசா எதுவும் பேசக்கூடாது, காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்துற என்சிஏஏவோட ரூல். 2016லேருந்து பையன் போடுறத லைக் பண்ணலாம், ரீட்வீட் பண்ணலாம், அவ்ளோதான். அதனால எவனாச்சும் பொய்ய கிளப்பி விட்டா அந்தப் பதினேழு வயசு பையனோ அவன் அம்மா அப்பாவோதான் வந்து இல்லன்னு சொல்லணும், பேசாம இருந்தா ஓ அப்ப உண்மைதான் போலன்னு ஆயிடும். மறுத்தா அந்த காலேஜ் ஃபேன்ஸ் வந்து திட்டுவாங்க. இதுல பெரியவங்களும்தான் சேத்தி, நம்ம வயசு ஆளுங்க!

சரி, பையனே வாயால கமிட் பண்ணிட்டேன்னு சொன்னாலும் அது எவனையும் கட்டுப்படுத்தாது, வெறும் வாய் வார்த்தை, நாளைக்கே மாத்திக்கலாம். முன்னாடி இந்த காலேஜுக்குத்தான் வருவேன்னு கையெழுத்து போட்டுக் குடுக்குற லெட்டர் ஆஃப் இன்டென்ட்னு ஒண்ணு இருந்துச்சு, 2024 அக்டோபர்ல அதையும் தூக்கிட்டாங்க, இப்ப ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்துல போடுற கையெழுத்துதான் கணக்கு. போதாததுக்கு 2021லேருந்து பசங்க தங்களோட பேரு, படத்த வெச்சு காசு சம்பாதிக்கலாம்னு ஆனதுல, ரேட்ட ஏத்துறதுக்கு ஏஜென்ட்டுங்களே புரளி கிளப்புறாங்கன்னு இங்க ஒரு பேச்சு. எனக்கும் அப்படித்தான் தோணுது.

விஷயம் தெரிஞ்சவங்களே கோட்டை விடுறாங்களே. ஜயான் வில்லியம்சன்னு ஸ்கூல்லயே பேர் எடுத்த ஒரு பாஸ்கெட்பால் பையன் க்ளெம்சன் காலேஜுக்குத்தான் போவான்னு கணிப்பு சொல்ற சைட்ல எல்லாம் அடிச்சு சொன்னாங்க, 2018 ஜனவரில ட்யூக் தொப்பிய எடுத்து மாட்டிட்டான். இதவிட கூத்து இங்கத்த அமெரிக்கன் ஃபுட்பால்ல நடந்துச்சு, 2008ல நெவாடால ஒரு ஹைஸ்கூல் பையன் ஸ்கூல் ஜிம்ல எல்லாரையும் கூட்டி வெச்சு ரெண்டு காலேஜ் தொப்பில கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியோடத எடுத்து மாட்டுனான், கேமரா எல்லாம் வந்திருச்சு, கடைசில பாத்தா அவனுக்கு எந்த காலேஜும் சீட்டே குடுக்கல. முதல்ல எவனோ ஏமாத்திட்டான்னு சொன்னான், அப்பறம் நானா கட்டுனதுதான்னு ஒத்துக்கிட்டான். அப்பல்லாம் இவ்ளோ சோஷியல் மீடியாகூட கிடையாது, ஆசை ஒண்ணே போதுமா இருந்திருக்கு. பாவம்தான்டா.

பெரியவன்ட்ட இதெல்லாம் சொன்னா, அப்பா உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறான். இப்ப அந்தப் பையன் இன்ஸ்டாக்ராம்ல எந்த கோச்ச ஃபாலோ பண்றான், எத அன்ஃபாலோ பண்ணான்னு கணக்கு எடுத்துட்டிருக்கான். ஹோம்வொர்க் மட்டும் அப்படியே கெடக்கு.

அது கெடக்கட்டும், உன் பொண்ணு டிஸ்ட்ரிக்ட் டீம் செலெக்‌ஷனுக்கு போனாளே, என்னாச்சு? எடுத்துட்டாங்கன்னு நம்ம ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல எவனோ போட்டிருந்தான், கங்கிராட்ஸ் போட கை போச்சு, நீ சொல்லட்டும்னு விட்டுட்டேன். உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய பாஸ்கெட்பால் டீம் பாயிண்ட் கார்ட்